தலவிலைக்குப் போன நீர்வழி

ஆங்கிலேயர் விடுமுறைக் காலத்தில் ஆற்றங்கரை ஊர்களையும் கடலோரச் சிற்றூர்களையும் கண்டு வருவர். நம்மவர்க்கோ ஊர்காண் பயணம் பெரும்பாலும் திருவிழாவை ஒட்டியே அமைந்தது.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்குக் கடலோரத்தில் நிற்கிறது தலவில அன்னம்மாள் ஆலயம். இன்று பாலாவிச் சந்தியில் திரும்பினால் சிறிது நேரத்தில் சென்று சேரலாம். முன்னாளில் யாத்திரிகர் மாட்டுவண்டியிலும் படகிலும் வந்தனர். நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் என ஊர்களைத் தொட்டுப் புத்தளம் களப்பைச் சேரும் கால்வாயே படகில் வந்தோரின் நெடுஞ்சாலை. ஓலைக் கூரைப் படகிலேயே சமையலும் உறக்கமும், குழந்தைகளின் ஆரவாரமும்!

இந்நீர்வழியைக் கறுவாவும் பாக்கும் ஏற்றிச்செல்லப் பேணியவர் ஒல்லாந்தர். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை விதித்தவரும் அவரே. ஆகவேதான் யோசேவாஸ் அடிகள், 1690ஆம் ஆண்டளவில், கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்ட புத்தளத்தில் தங்கிப் பணிபுரிந்தார். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி அகன்றது. 1806இல் ஆங்கிலேயர் அத்தடைகளை நீக்கினர். வாணிகர் வழி அடியார் வழியாயிற்று. விந்தை அன்றோ?

அண்மையில் மாணவருடன் அவ்வழியே சென்றேன். முந்தலுக்கு அருகே, "ஐயா, இது என்ன வாய்க்கால்?" என்றான் ஒருவன். பேருந்தை நிறுத்தச் சொல்லி, கரையில் இறங்கி, அரைமணி நேரம் இக்கதையைச் சொன்னேன். ஆலயத்தை அடைய மாலையாயிற்று.