விசிறிக்கு யார் சக்தி தருவது?

கணினியின் வரலாறு பெரும்பாலும் செயலிகளின் வரலாறாகவும், அவற்றைப் படைத்தவர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பெட்டிக்குள் ஓயாது சுழலும் விசிறிக்கு அதில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம். ஆயினும் அந்தச் சிறு விசிறியைச் சுற்றி மிகப் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது: குளிர்விக்கும் கருவிக்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வரவேண்டும்? சென்னையும் அதற்குத் தெற்கேயுள்ள செங்கற்பட்டுச் சீமையும் இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன.

முதல் விடை மனிதன். கம்பெனி ஆட்சிக் காலத்து பங்களாக்களில் உத்தரத்திலிருந்து தொங்கிய துணிச்சட்டமே பங்கா. அதன் கயிறு சுவரிலிருந்த துளை வழியே தாழ்வாரத்துக்குச் செல்லும். அங்கே அமர்ந்து ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவருக்குக் காற்று, வெளியே இருப்பவருக்கு வியர்வை. வெப்பம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது என்ற இயற்பியல் விதியை அந்தத் தாழ்வாரத்தைவிடத் தெளிவாக விளக்கும் இடம் வேறில்லை.

இரண்டாவது விடை கடல்வழியே வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென ஒரு கிடங்கு எழுந்தது. பின்னாளில், 1897இல், விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் அதுவே. ஒரு தேசத்துக் குளிர்காலத்தைப் பெயர்த்தெடுத்து இன்னொரு தேசத்துக் கோடைக்கு விற்ற வணிகம் அது.

இருபதாம் நூற்றாண்டில் குளிர்ச்சி கேட்டு நின்றது இயந்திரம். 1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன; அது 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அவ்வளவும் வெப்பமாகவே வெளிவந்தாக வேண்டும் என்பதால் காற்றை உந்தித் தள்ளும் ஏற்பாடு அதன் உறுப்புகளில் ஒன்றாயிற்று. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370/155 வந்தபோதும் இதே நிலைதான். கணினி ஒரு கூடத்தை நிறைத்தது. கூடத்தைக் குளிர்சாதனம் குளிர்வித்தது. கணக்குப் போடுவதற்கு ஒரு மின்சாரம், குளிர்விப்பதற்கு வேறொரு மின்சாரம் என்ற பிரிவினை அங்கே தெளிவாக இருந்தது.

மேசைக்கணினி வந்ததும் அந்தப் பிரிவினை மறைந்தது. 1980இல் வெளிவந்த ஆப்பிள் 3 கணினியில் விசிறியே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்ததும், சூடேறிய சில்லுகள் தம் இருப்பிடத்திலிருந்து நெகிழ்ந்து கழன்றதும் கணினியுலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை. 1981இல் வந்த ஐபிஎம் பிசி அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அதன் மின்வழங்கியின் திறன் 63.5 வாட், அதற்குள்ளேயே ஒரு விசிறி. பெட்டி முழுவதற்கும் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. 1993இல் வந்த பென்டியம் செயலி தன் தலைமேல் தனி விசிறி கேட்டது. 2004இல் வெளியான பென்டியம் 4இன் பிரெஸ்காட் வகையோ 100 வாட்டைத் தொட்டும் கடந்தும் சென்றது. முன்பு முழுக் கணினிக்கும் போதுமாயிருந்த மின்சாரத்தைவிட அதிகமானதை ஒரு சில்லு மட்டுமே வெப்பமாக்கிற்று. 'கூடுதல் விசிறி' என்ற சொற்சேர்க்கை புழக்கத்துக்கு வந்த பின்னணி இதுதான்.

இனிப் பொத்தேரிக்கு வருவோம். ஜிஎஸ்டி சாலையையும் செங்கற்பட்டு மின்ரயில் பாதையையும் ஒட்டிய இவ்வூரில் 1985இல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 2000களில் இத்தகைய கல்லூரி ஊர்களின் மாணவர்கள் பலர் ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கணினியைத் தாமே பூட்டிக்கொண்டார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் சீமை இது. விசிறி எத்தனை வேகமாகச் சுழன்றாலும் பெட்டிக்குள்ளிருக்கும் சூட்டை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக இயலாது. எனவே இரண்டாவது, மூன்றாவது விசிறி இங்கே ஆடம்பரமாக இருக்கவில்லை.

அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? வழிகள் இரண்டு. தாய்ப்பலகையிலுள்ள மூன்று முனைச் செருகியில் மாட்டலாம். அல்லது வன்தட்டுக்கென மின்வழங்கியிலிருந்து வரும் நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து நேரடியாக எடுக்கலாம். அதில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவிலுள்ள இரண்டு கறுப்பும் பூமி. சாதாரண 80 மில்லிமீட்டர் விசிறி 0.1 முதல் 0.2 ஆம்பியர் வரை இழுக்கும். தாய்ப்பலகைச் செருகியின் வரம்போ பொதுவாக 1 ஆம்பியர்தான். ஆறேழு விசிறிகளை ஒரே செருகியில் கோத்தால், அவை சுழலத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மிகை மின்னோட்டமே தாய்ப்பலகையைக் கருக்கிவிடக்கூடும்.

இரைச்சல் பொறுக்காதவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். விசிறியின் ஒரு முனையை மஞ்சளிலும் மறுமுனையைச் சிவப்பிலும் கோத்தால் 12க்கும் 5க்கும் உள்ள வேறுபாடாக 7 வோல்ட் கிடைக்கும். விசிறி அடங்கிச் சுழலும். இதில் ஆபத்தும் உண்டு. விசிறியின் மின்னோட்டம் 5 வோல்ட் தடத்துக்குள் புகுகிறது, அந்தத் தடம் அதை ஏற்பதற்கென அமைக்கப்பட்டதன்று. நோக்கம் மட்டும் சரியானது. விசிறியின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது, ஆனால் செலவாகும் திறன் எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஏட்டுக் கணக்கின்படி, ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டை அரை வேகத்தில் ஓட்டினால் அதே காற்று கால்பங்கு மின்சாரத்தில் கிடைக்கும்.

மூன்றாவது கம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு. மூன்றாவது, தான் சுழன்றுகொண்டிருப்பதை விசிறி அறிவிப்பதற்கு. மோலெக்ஸில் நேரடியாக மாட்டினால் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் விசிறி நின்றுபோனால் தாய்ப்பலகைக்குத் தெரியாது. கயிறு இழுப்பவர் கண்ணயர்ந்தால் உள்ளிருந்து அதட்டல் எழுந்த பங்கா காலத்தின் நாகரிகமான வடிவம் இந்தக் கம்பி. சக்தியை மின்வழங்கியிலிருந்தும், செய்தியை மட்டும் தாய்ப்பலகைக்கும் பிரித்தனுப்பும் இணைப்பிகள் உண்டு. அந்த எளிய பிரிவினையில் இவ்வளவு நேரம் நாம் பேசியதன் சாரம் இருக்கிறது. குளிர்விப்பது, குளிர்விக்கப்படுவதன் தயவில் இருக்கக்கூடாது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும்.

இது பெட்டிக்குள் மட்டும் அடங்கும் பாடமன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. அணுவுலையை நிறுத்திய பின்னும் அதன் எரிபொருள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மின்சாரம் தயாரிக்கும் நிலையமே, நின்றுபோன வேளையில் தன்னைக் குளிர்விக்க வெளியிலிருந்து மின்சாரம் கேட்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது இரண்டு உலைகளில் ஒன்று சீரமைப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் புகுந்து பம்புகளில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது; இயங்கிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது. வெளியிலிருந்து வரும் மின்தொகுப்பு அறுபடவில்லை. முன்னெச்சரிக்கையாக டீசல் மின்னாக்கிகளும் இயக்கப்பட்டன. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பறிபோயின. உலை குளிர்ந்து அடங்கியது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது; தொடர்ந்து வந்த அலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது. நிறுத்தப்பட்டிருந்த மூன்று உலைகளின் உட்கருக்கள் உருகின. உலைகள் நிறுத்தப்பட்டதில் பிழையில்லை. அவற்றைக் குளிர்விக்க வேண்டிய பம்புகளுக்குச் சக்தி தர யாருமில்லாமற் போனதே பேரழிவாயிற்று.

ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்ற விசிறிக்கும் கல்பாக்கத்தின் பம்புகளுக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டையும் பொருத்துகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: எல்லாம் நின்றுபோகும் நாளில் இது எதைக்கொண்டு சுழலும்? பங்கா காலத்தில் அதற்கு விடையாகத் தாழ்வாரத்தில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். அவருடைய பெயரை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை.