விடுகதையில் தோற்ற பெரியவர்கள்

விடுகதை என்றாலே சின்னப்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். தொல்காப்பியர் ஒதுக்கவில்லை. செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று அவர் அடுக்கும் ஏழு வகையில் ‘பிசி’ என்பதும் ஒன்று. இன்று நாம் விடுகதை என்கிறோமே, அதுதான். பழமொழிக்குக் கொடுத்த அதே வரிசையில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு வகையும் சொல்கிறார். ஒன்றைப்போல் இன்னொன்று என்று உவமையால் மறைப்பது ஒன்று. குறிப்பை மட்டும் காட்டி விடையைத் துணிய வைப்பது மற்றது. பிறை நிலாவை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மலை நடந்து போகிறது, அது என்ன? தந்தமுள்ள யானை. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் இது. இன்றைக்கு ஒரு பிள்ளையிடம் கேட்டாலும் எடுபடும்.

பிசி என்ற பெயர் பேச்சிலிருந்து போய்விட்டது. அழிப்பான் கதை என்று சில ஊர்களில் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தார் நொடி என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் ஒருவர் முடிச்சுப் போட, இன்னொருவர் அவிழ்க்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஏமாற்று விடுகதை. அதில்தான் பெரியவரும் பிள்ளையும் சரிசமமாக மோத முடியும். மரத்தில் பத்துக் குருவி. வேட்டைக்காரன் ஒன்றைச் சுட்டான். மரத்தில் மீதி எத்தனை? எங்கள் அப்பா கணக்கு வாத்தியார். கரண்ட் இல்லாத ஓர் இரவில் திண்ணையில் உட்கார்ந்து ஆச்சி இதைக் கேட்டபோது யோசிக்காமல் “ஒன்பது” என்றார். “ஏலே வாத்தியாரு, வேட்டுச் சத்தம் கேட்ட பெறகும் ஒம்பது குருவி அங்கனயே உக்காந்திருக்குமோ?” என்று ஆச்சி சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. படித்தவனுக்குக் கழித்தல் முந்திக்கொண்டு வருகிறது. படிக்காத பிள்ளைக்குக் குருவி முந்திக்கொண்டு வருகிறது.

நாவல் மரத்தடியில் ஔவைக்கு நேர்ந்ததும் இதேதான். (ஔவை என்றால் நம் தலைமுறைக்கு கே.பி. சுந்தராம்பாள் முகம்தான் வரும், என்ன செய்வது!) சுட்ட பழமா, சுடாத பழமா என்று மாட்டுக்காரப் பையன் கேட்கிறான். பழத்தைச் சுடுவார்களா என்று மனசுக்குள் நகைத்துக்கொண்டே சுடாத பழம் கேட்கிறார். கீழே விழுந்த பழத்தில் ஒட்டிய மண்ணை ஊதும்போதுதான், “பாட்டி, பழம் சுடுகிறதா?” என்று கேட்கிறான் முருகன். அத்தனை பெரிய புலவர் ஒரு சின்னச் சொல்லில் வழுக்கி விழுந்தார். அது அவருக்கு அவமானம் என்று நம் ஜனங்கள் நினைக்கவில்லை. ரசித்து ரசித்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அதே ஔவை இன்னோரிடத்தில் ஜெயித்ததும் உண்டு. ஒரு தண்டு, நாலு இலை உள்ள ஆரைக்கீரையை விடையாக வைத்து, மரியாதையில்லாமல் ‘டீ’ போட்டு ஒரு விடுகதை சொன்னாராம் கம்பர். ‘ஆரை’ என்றால் கீரை. பேச்சில் ‘யாரை’ என்றும் பொருள். ஔவை ‘டா’ போட்டுத் திருப்பிய பதிலில் விடையும் இருந்தது, யாரைப் பார்த்துப் பேசுகிறாய் என்ற அதட்டலும் இருந்தது. கம்பரும் ஔவையும் நேரில் சந்தித்தார்களா என்பதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிடலாம். 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியதும் இந்தச் சொல் விளையாட்டைத்தான்.

சொல்லில் இல்லாமல் யோசனையில் ஏமாற்றுவதும் உண்டு. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடத்தும் புதிர் நம் ஊர்ச் சரக்கு என்றே நினைத்திருந்தேன். 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் இருந்த அல்குயின் என்ற அறிஞர் பெயரில் வழங்கும் லத்தீன் புதிர்த் தொகுப்பிலேயே இது இருக்கிறது. அங்கே புலிக்குப் பதில் ஓநாய். புல்லுக்குப் பதில் முட்டைக்கோஸ். அக்கரை சேர்த்த ஆட்டை மறுபடி இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும், அங்கேதான் சூட்சுமம். செய்து முடித்த வேலையைக் கலைக்கப் பெரியவர்களுக்கு மனசு வராது. அதனால் மாட்டிக்கொள்வோம்.

இரண்டு அப்பா, இரண்டு மகன், மூன்று மாம்பழம், ஆளுக்கு முழுசாக ஒன்று, எப்படி? தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் விடை கண்முன்னால் இருக்கிறது. இன்று அந்த மூவரும் மூன்று ஊரில் இருப்பது வேறு விஷயம்.

ஏமாற்று விடுகதை பிழைத்துக்கொள்ளும். அதற்குச் சொல் இருந்தால் போதும். தொல்காப்பியர் சொன்ன உவமை வகைக்குத்தான் ஆபத்து. அதற்குப் பொருள் வேண்டும். ‘வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத் தொப்பி’ என்றால் தீக்குச்சி. இங்கிலாந்தில் உரசிப் பற்றவைக்கும் குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகியது 1922இல். ஆகவே இந்த விடுகதைக்கு அப்படியொன்றும் வயதில்லை. துரைமாரின் தொப்பியை வேடிக்கை பார்த்த யாரோ கட்டியது என்பது என் ஊகம். பொருள் வந்ததும் விடுகதையும் வந்துவிட்டது. பொருள் போனால்?

‘அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்.’ போன விடுமுறையில் பேத்தியிடம் கேட்டேன். விழித்தாள். அம்மியும் குழவியும் என்று விடை சொன்ன பிறகும் விழித்தாள். அம்மி எங்கள் அடுக்குமாடி வீட்டில் இல்லை. அதனால் சமையலறைக்குக் கூட்டிப்போய் மாவு அரைக்கும் கிரைண்டரைக் காட்டி, கல்லில் கல் உருண்டு அரைக்கும் என்று விளக்கப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல அம்மாதான் சுத்தறா, பொண்ணு இருந்த இடத்துலயே இருக்கா” என்றாள். உண்மைதான். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் பாத்திரம் சுற்றுகிறது, குழவிக்கல் நகராமல் நிற்கிறது. எத்தனையோ வருஷமாக அதில் மாவு அரைக்கிறோம், எனக்கு இது தோன்றவே இல்லை. அப்படியே திருப்பிப் போட்டு அவள் பாட்டியிடம் விடுகதையாகக் கேட்டாள்.

என் மனைவிக்கு விடை தெரியவில்லை.