ஆணியா, ஸ்பிரிங்கா? - ஸ்பீக்கரின் காலடியில் ஒரு வரலாறு

கொஞ்சம் விலை கூடிய ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கு, பெட்டியின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை கிடைக்கும். உள்ளே எட்டு இரும்பு ஆணிகள். ஒரு ஸ்பீக்கருக்கு நான்கு வீதம் அடியில் திருகி, கூர்முனை தரையில் குத்தும்படி நிறுத்த வேண்டும். இப்படி நிறுத்தினால் அதிர்வு தரைக்குள் இறங்கிவிடும், பாட்டு சுத்தமாகக் கேட்கும் என்று சொல்வார்கள்.

அதே கடையின் அடுத்த அலமாரியில் ரப்பர் பாதங்களும் ஸ்பிரிங் பலகைகளும் இருக்கும். ஸ்பீக்கரை அவற்றின் மேல் மிதக்கவிட்டால் அதிர்வு தரைக்குப் போகாது, பாட்டு சுத்தமாகக் கேட்கும் என்று சொல்வார்கள்.

ஒன்று தரையோடு இறுக்கச் சொல்கிறது. இன்னொன்று தரையிலிருந்து பிரிக்கச் சொல்கிறது. வாக்குறுதி மட்டும் ஒன்றுதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடிப் போனால் அது ஸ்பீக்கரில் இல்லை. இசைத்தட்டில் இருக்கிறது!

1948ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பள்ளம் தலைமுடியின் பருமனை விடக் குறுகலானது. அந்தப் பள்ளத்தின் நெளிவுகளில் ஓடும் ஊசியின் அசைவைத்தான் மின்சாரமாக மாற்றி, பல மடங்கு பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஊசிக்கு ஒரு குறை உண்டு. எது பாட்டு, எது தரை அதிர்வு என்று அதற்குத் தெரியாது. யாராவது தொம் தொம் என்று நடந்தால் அதையும் 'பாட்டு' என்றே படித்துவிடும்.

1958ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது தொல்லை இன்னும் கூடியது. பழைய மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் அசைந்தால் போதும். ஸ்டீரியோவில் இடது, வலது ஒலிகள் பள்ளத்தின் இரண்டு சுவர்களில் எழுதப்பட்டன. அவற்றைப் பிரித்துப் படிக்க ஊசி மேலும் கீழுமாகவும் அசைய வேண்டும். மரத்தளத்தில் நடக்கும்போது தளம் அசைவதும் மேலும் கீழுமாகத்தானே!

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. ஸ்பீக்கர் போடும் சத்தத்தில் தரை அதிரும், தரை டர்ன்டேபிளை அசைக்கும், ஊசி அதைப் படிக்கும், ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கும், ஸ்பீக்கர் மறுபடியும் தரையை அசைக்கும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் 'ஊ...' என்று ஊளையிடுமே, அதே கதை. ஆக, ஒலி ரசிகர்கள் முதலில் பயந்தது ஸ்பீக்கர் அசைவதற்காக அல்ல. ஊசி அசைவதற்காக!

இதற்கு அழகான தீர்வு கண்டவர் எட்கர் வில்ச்சர். 1917ல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது கலை வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்தார். போருக்குப் பின் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி வகுப்பு எடுத்தார். அங்கே மாணவராக வந்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 'அகௌஸ்டிக் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக ஏ.ஆர்.

அவர்களுடைய முதல் ஸ்பீக்கர் ஏ.ஆர். 1. அதுவரை ஆழமான பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் பெட்டியைக் காற்று புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் வந்தது.

1961ல் அதே மனிதர் டர்ன்டேபிளுக்கும் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார். இதில்தான் அவருடைய புத்திசாலித்தனம் தெரிகிறது. ஊசி அளப்பது ஊசிக்கும் தட்டுக்கும் இடையிலான அசைவை மட்டும்தான். இரண்டும் சேர்ந்து ஒரே மாதிரி அசைந்தால் ஊசிக்கு எதுவும் தெரியாது. ஆகவே தட்டு சுழலும் அச்சையும் ஊசியின் கையையும் ஒரே உலோகச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். மோட்டாரை மட்டும் தனியாக மேல் பலகையில் வைத்து, ஒரு ரப்பர் பெல்ட்டால் இணைத்தார். தரை அதிரலாம், மோட்டார் அதிரலாம். தட்டும் ஊசியும் தங்களுக்குள் அமைதியாக இருக்கும். விலை 60 டாலருக்கும் குறைவு.

இந்த வழியைப் பலரும் பின்பற்றினார்கள். ஸ்விட்சர்லாந்தின் தோரன்ஸ் நிறுவனம் 1965ல் டி.டி. 150 என்ற டர்ன்டேபிளைக் கொண்டுவந்தது. 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபென்ப்ரன் லின் சோண்டெக் எல்.பி. 12ஐ உருவாக்கினார். இரண்டிலும் ஸ்பிரிங்கில் தொங்கும் சட்டம் இருந்தது.

இதுவரை கதை நேர்கோட்டில் போகிறது. அதிர்வைக் கண்டு பயப்பட வேண்டியது டர்ன்டேபிள். அதை மிதக்கவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது. கதை தலைகீழானது அதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் பழைய வீடுகளில் பெரும்பாலும் மரப்பலகைத் தளம், அதன் மேல் தடித்த கம்பளம். கம்பளத்தின் மேல் வைத்த உயரமான ஸ்பீக்கர் லேசாக ஆடும். கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு பலகையில் ஊன்றும் ஆணி அந்த ஆட்டத்தை நிறுத்தியது. இது உண்மையான நன்மை. அதற்காகவே ஆணியைக் குறை சொல்ல முடியாது. 1980களில் ஆணி பொருத்திய ஸ்டாண்டுகள் நல்ல ஒலிக்கு அடையாளமாகவே ஆகிவிட்டன.

ஆனால் ஆணியோடு ஒரு விளக்கமும் சேர்ந்து விற்பனையானது. கூர்முனை அதிர்வைக் கீழே இறக்குமாம், மேலே ஏறவிடாதாம். ஒருவழிப்பாதை போல! இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளாது. கெட்டியான இரும்பு ஆணி இரண்டு பக்கமும் அதிர்வைக் கடத்தும். பெட்டியின் அதிர்வு தரைக்குப் போனால் அங்கே காணாமல் போய்விடுவதில்லை. மரத்தளம் ஒரு பெரிய மேளத்தோல் மாதிரி. அது அதிர்ந்து, தன் பங்குக்குச் சத்தம் போடும்.

ஆணிக்கு ஆதரவாக நியூட்டனையும் அழைத்தார்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே போனால் பெட்டி பின்னே போகும், அதனால் ஒலி கலங்கும், ஆகவே பெட்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார்கள். வாதம் சரிதான். அளவு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கூம்பின் எடை 30 கிராம், பெட்டியின் எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெட்டி முழுக்க மிதந்தாலும் கூம்பின் அசைவில் 667ல் ஒரு பங்குதான் அசையும். கூம்பு 5 மில்லிமீட்டர் போனால் பெட்டி போவது 0.0075 மில்லிமீட்டர். இந்த அசைவு கிட்டத்தட்ட 56 டெசிபெல் கீழே இருக்கிறது. மிதக்கும் பெட்டியால் பாட்டு குழம்பிவிடும் என்ற பயம் அந்த அளவுக்குத்தான் பெரியது.

பெட்டியில் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அதைத் தேடிப் பார்த்தவர்கள் பி.பி.சி. ஆராய்ச்சிப் பிரிவினர். பெட்டியின் பக்கப் பலகைகள் கூம்பை விடப் பல மடங்கு பெரியவை. அவை கொஞ்சம் அதிர்ந்தாலும் சத்தமாக வெளியே வரும். பலகையைத் தடிமனாக்கினால் அதிர்வு ஒழியும் என்பது பொதுவான நம்பிக்கை. பி.பி.சி. சென்ற வழி வேறு. மெல்லிய ப்ளைவுட் பலகை, அதன் உட்புறம் அதிர்வை உறிஞ்சும் கனமான பூச்சு. ஹார்வுட், மேத்யூஸ் இருவரும் 1977ல் இது பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் உருவான எல்.எஸ். 3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் இதே வழியில் வந்ததுதான். இந்த நோய்க்கு மருந்து பெட்டிக்குள் இருக்கிறது. கீழே ஆணி வைத்தாலும் ஸ்பிரிங் வைத்தாலும் பக்கப் பலகையின் அதிர்வு நிற்காது.

1982ல் ஜப்பானில் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. பள்ளத்தை உரசும் ஊசி போய் லேசர் கதிர் வந்தது. சிறு பிழைகளைத் திருத்திக்கொள்ளும் கணக்கு முறையும் கூடவே வந்தது. தரை அதிர்ந்தாலும், பிளேயர் தடம் மாறித் தாவாத வரை பாட்டு கெடாது. அதிர்வுக்குப் பயப்பட வேண்டிய அசல் காரணம் பெரும்பாலும் மறைந்துபோனது. ஆனால் பயம் மட்டும் தங்கிவிட்டது. சி.டி. பிளேயருக்குக் கீழேயும் ஆம்ப்ளிஃபயருக்குக் கீழேயும் விதவிதமான பாதங்கள் விற்பனைக்கு வந்தன.

சரி, ஸ்பிரிங் எப்போதுதான் வேலை செய்யும்? இதற்குப் பொறியாளர்களிடம் தெளிவான விதி இருக்கிறது. ஸ்பிரிங் மேல் ஒரு பொருளை வைத்தால் அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டாகும். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த அதிர்வெண் குறையும். 1 சென்டிமீட்டர் அமுங்கினால் சுமார் 5 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் தடுப்பு தொடங்கும். அதற்குக் கீழே தடுப்பே கிடையாது. இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் நிலைமை இன்னும் மோசம், அதிர்வு கூடும்!

5 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்கில் நிற்கும் ஸ்பீக்கர் 20 ஹெர்ட்ஸில் தரைக்கு அனுப்பும் விசை பதினைந்தில் ஒரு பங்குதான். ஆனால் கடையில் விற்கும் ஒரு கெட்டி ரப்பர் வில்லை, ஸ்பீக்கரின் எடைக்குக் கொஞ்சம்கூட அமுங்கவில்லை என்றால், பாஸைத் தடுக்க அதனால் முடியாது. 'அதிர்வுத் தடுப்பு' என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் சரி. எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்தான் முக்கியம், விலைக்கு ஏற்ற ஸ்பிரிங் அல்ல.

இந்த விதியை நம்பிக் கட்டடங்களே எழுந்திருக்கின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1996ல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் ஹால் என்ற இசை அரங்கம், வெளியே ஓடும் வண்டிகளின் அதிர்வு உள்ளே கேட்காமலிருக்க எஃகு ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. ஓர் அரங்கமே மிதக்கும்போது ஸ்பீக்கர் மிதப்பதில் அதிசயம் என்ன?

ஸ்பீக்கர்களுக்கு இந்த யோசனை ஒலிப்பதிவுக் கூடங்கள் வழியாகவும் வந்தது. 1978ல் வந்த யமஹா என்.எஸ். 10 போன்ற சின்ன ஸ்பீக்கர்களை ஒலிக்கலவை மேசையின் மேலேயே வைப்பது வழக்கமானது. மேசை அதிர்ந்தால் அதுவும் ஒரு ஸ்பீக்கர்தான், அதுவும் காதுக்கு மிக அருகில். அதனால் ஃபோம் பலகைகளை அடியில் வைத்தார்கள். கனடாவின் சி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தில் பணியாற்றிய டேவ் மாரிசன் தொடங்கிய ஐசோ அகௌஸ்டிக்ஸ், 2010களில் ரப்பர் பொருத்திய தாங்கிகளை வீடுகளுக்கும் பரவலாக்கியது. ஐம்பது வருடங்களுக்கு முன் டர்ன்டேபிளுக்குக் கீழே இருந்த யோசனை, சுற்றி வளைத்து ஸ்பீக்கருக்குக் கீழே வந்து சேர்ந்தது!

கடைசியாக ஒரு கேள்வி. மாற்றம் காதுக்குக் கேட்கிறதா? ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது ஒரு மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண். கண் கேட்டதைக் காது சொல்லிவிடுகிறது. பளபளக்கும் ஆணிக்கும் இது பொருந்தும், விலை உயர்ந்த ஸ்பிரிங்குக்கும் பொருந்தும்.

ஆக, 'ஆணியா ஸ்பிரிங்கா' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'யார் யாரை அசைக்கிறார்கள்?' என்பது. வில்ச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தார். அவருக்குப் பின் வந்த வியாபாரம் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டது.

கம்பளத்தின் மேல் ஸ்பீக்கர் ஆடுகிறதா? ஆணி போதும். மரத்தளமோ மேசையோ சேர்ந்து முனகுகிறதா? நன்றாக அமுங்கும் ஸ்பிரிங் உதவும். கனமான கான்கிரீட் தளமா? தளம் அசைவதே குறைவு, மாற்றமும் குறைவாகத்தான் இருக்கும். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறாரா? தரை வழியாகப் போகும் பாஸை ஸ்பிரிங் குறைக்கும். காற்று வழியாகப் போவதைக் குறைக்காது. அதற்கு எந்தக் கடையிலும் விற்காத ஒரு கருவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கும் குமிழ்!