முருகனுக்கு ரோஸ் பவுடர்

இந்த எபிசோட் எங்க ஊர் திருத்தணியில ஆரம்பிக்குது. மூணாங்கிளாஸ் மாறுவேடப் போட்டிக்கு எனக்கு முருகன் வேஷம். வேல், கிரீடம், அட்டையில செஞ்ச மயில் எல்லாம் ரெடி. போட்டோ எடுக்கப் போன இடத்துல ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்துட்டு, "முருகன் இவ்ளோ கருப்பா இருக்க மாட்டாரேம்மா"ன்னு அம்மாகிட்ட சொல்லி, முகத்துல ரோஸ் பவுடரை அப்பிட்டார். அந்தப் படம் இன்னும் எங்க ஹால்ல தொங்குது. முகம் ஒரு கலர், கை வேற கலர்.

முருகன் எப்படி இருப்பார்னு அவருக்கு யார் சொன்னது? காலண்டர்தான். அது ஒண்ணும் ரொம்பப் பழைய சமாச்சாரம் இல்ல. 1894-ல ரவி வர்மா பம்பாயில அச்சகம் ஆரம்பிச்சார். சாமி கலர் பிரிண்ட்டா வீட்டுச் சுவருக்கு வந்தது. நம்ம பக்கம் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதினவர். அவரும் சீடர்களும் வரைஞ்சதுதான் சிவகாசியில அச்சாகி ஊர் ஊராப் போச்சு.

2000-லிருந்து 2004 வரைக்கும் பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா, போட்டோகிராபர் கிளேர் ஆர்னியோட சேர்ந்து, ரவி வர்மா ஓவியத்துப் பெண்ணா தானே வேஷம் கட்டி நின்னாங்க. அதுல ஒரு நக்கல் இருக்கும். வேஷம்னு தெரியணும்னே எடுத்தது.

2017 டிசம்பர்ல சென்னையில நரேஷ் நிலும் பரத்வாஜ் சுந்தரும் எடுத்த 'டார்க் இஸ் டிவைன்' படங்கள்ல நக்கலே கிடையாது. லட்சுமி, சரஸ்வதி, சீதை, முருகன்னு எல்லா வேஷத்துலயும் கருத்த மாடல்கள். நகை, கிரீடம், தோரணை எல்லாம் காலண்டர்ல இருக்கிற மாதிரியே. ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாத்தி ரன் பண்ணின மாதிரி. அந்த முருகனைப் போன்ல பெருசாக்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன்.

ஒண்ணு ஒத்துக்கணும். தொல்காப்பியத்துல முருகன் 'சேயோன்', அதாவது சிவந்தவன். அதனால "நிஜ முருகன் கருப்பு"ன்னு நான் சண்டைக்கு வரல. ஆனா அந்தச் சிவப்பு ரோஸ் பவுடர் இல்லையே! கேஸ் போடணும்னா கண்ணன்தான் போடணும். கிருஷ்ணன்னா கருப்புன்னுதான் அர்த்தம், ஆனா காலண்டர்ல நீலம்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அக்கா பையனுக்கு முருகன் வேஷம் போட்டோம். போன்ல பியூட்டி மோட் ஆன்ல இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டு எடுத்தேன். பிரேம் போட்டும் வாங்கிட்டேன். என் படத்துக்குப் பக்கத்துல மாட்ட அம்மா இன்னும் சம்மதிக்கல.