தோழர்கள் தந்த அம்பு

கழுத்துத் துணி கட்டிய சாரணப் பிள்ளைகளை பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாம் பார்த்திருக்கிறோம். மலாயாவில் சாரணர் இயக்கம் 1908-இல் பினாங்கில் தொடங்கியது. அதற்கு ஏழாண்டுகள் கழித்து அமெரிக்காவில் நடந்த ஒன்றை இன்று பேசுவோம்.

1915-ஆம் ஆண்டுக் கோடை. பிலடெல்பியா நகரத்துச் சாரணர்கள் டெலவேர் ஆற்றிலுள்ள டிரெஷர் ஐலண்டு என்னும் தீவில் முகாமிட்டிருந்தனர். முகாம் தலைவர் ஏர்னர் குட்மன், வயது 24. அவருடைய துணைவர் கேரல் எட்சன். நல்ல முகாம்வாசியை எப்படிச் சிறப்பிப்பது என்று இருவரும் யோசித்தார்கள். ஓட்டத்தில் முந்தியவனுக்குக் கோப்பை கொடுத்துவிடலாம். முகம் கோணாமல் பிறருக்காக விறகு சுமந்தவனை எதைக்கொண்டு அளப்பது? அவனோடு ஒரே கூடாரத்தில் படுத்த பையன்களுக்குத்தானே அது தெரியும்! ஆகவே அவர்களே வாக்களிக்கட்டும் என்று முடிவாயிற்று. 'ஆர்டர் ஆஃப் தி ஏரோ', அதாவது அம்புச் சங்கம், இப்படிப் பிறந்தது.

ஒரு சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பதைச் சங்கத்தார்தாம் முடிவு செய்வார்கள். இங்கோ சங்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்கும் வாக்கு உண்டு. தேர்வானவனுக்கு உடனே மாலை மரியாதையும் கிடையாது. ஓரிரவு தனியே படுக்க வேண்டும். மறுநாள் வாய் திறவாமல், அரை வயிற்றோடு, முகாமுக்காக உழைக்க வேண்டும். பிறகுதான் அம்பு பொறித்த பட்டை தோளில் ஏறும். 1948-இல் இது அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் அங்கமாயிற்று. 2019 முதல் பெண்பிள்ளைகளும் தேர்வாகின்றனர்.

ஒன்று மட்டும் நமக்கு உறுத்துகிறது. சடங்குகளுக்கு எடுத்துக்கொண்ட கதையும் சொற்களும் லெனாப்பே பழங்குடியினருடையவை. அந்த ஆற்றங்கரை அவர்களின் மண். அவர்களோ அங்கிருந்து எப்போதோ துரத்தப்பட்டவர்கள்.

நம்மவருக்கும் சாரணர் வாசல் எளிதில் திறக்கவில்லை. இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால், 1916-இல் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் தனிச் சாரணர் சங்கமே தொடங்கினார். பேடன் பவல் 1921-இல் இந்தியா வந்த பிறகே அது பெரிய இயக்கத்தோடு இணைந்தது.

இங்கே நம் தோட்டங்களில் கங்காணியை வைத்தது துரைதான். பால் வெட்டியவர்களை யாரும் கேட்கவில்லை. மரியாதையோ கேட்டு வாங்கப்பட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.