கிரெஷ்: தீவனத் தொட்டியும் நீதிமன்றப் படிக்கட்டும்

கிரெஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதற்பொருள் மாடு தீனி தின்னும் தொட்டி. ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஜெர்மனின் ‘கிரிப்பெ’யும் ஆங்கிலத்தின் ‘கிரிப்’பும் அதற்கு உறவு. குழந்தை இயேசுவைக் கிடத்திய தொட்டி என்பதால் பிறப்புக் காட்சி முழுவதற்கும் அதுவே பெயரானது. பழைய தமிழ் விவிலியத்தில் அது முன்னணை. நம்மூரில் டிசம்பரில் கட்டுவதோ குடில்: அவர்கள் தொட்டியால் பெயரிட்டார்கள், நாம் கூரையால்.

1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசியின் பிரான்சிஸ், வைக்கோல் பரப்பிய தொட்டி, மாடு, கழுதை இவற்றை வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். காட்சி ஊர் ஊராகப் பரவ அது பெரிய தூண்டுதல். 1844-இல் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளுக்காகப் பாரிஸில் ஃபிர்மன் மார்போ தொடங்கிய காப்பகத்துக்கும் அதே பெயர் அமைந்தது. நம் அலுவலகங்களில் புழங்கும் ‘கிரெச்’ அந்தக் கிளை.

தொட்டி வழக்காடு மன்றம் ஏறியது அமெரிக்காவில். ரோட் ஐலண்டின் பாடக்கெட் நகராட்சி தன் சொந்தக் குடிலை, சான்டா வீடு, கலைமான்கள், கிறிஸ்துமஸ் மரம் இவற்றின் நடுவே வைத்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அனுமதித்தது: பண்டிகைக்கால அலங்காரத்தில் அதுவும் ஒன்றாம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. விசுவாசி முழந்தாளிடும் இடத்தைக் கலைமானுக்குத் துணையாக்கினால்தான் அரசு வைக்கலாம் என்றால், அவமதிக்கப்படுவது அந்த விசுவாசிதான். வேறு சமயத்தார் அந்நியராவதும் நிற்கவில்லை. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிளாக்மன் இவ்விரண்டையும் அன்றே சொன்னார். 1989-இல் பிட்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் தனித்து வைத்த குடில் செல்லாது என்ற தீர்ப்பை எழுதியவரும் அவரே. கடுமையான தீர்ப்புதான், ஆனால் குடிலைக் குடிலாகப் பார்த்தது.

பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பொதுக் கட்டடங்களில் சமயச் சின்னம் நிறுவக் கூடாது என்கிறது. கோயில்கள், கல்லறைகள், அருங்காட்சியகங்கள் விலக்கு. நகர்மன்றங்களில் வைத்த கிரெஷ்கள் வழக்காகி, 2016 நவம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்சே தெத்தா வழி சொன்னது. தெருவிலும் சதுக்கத்திலும் பண்டிகை நாட்களில் வைக்கலாம், எந்தச் சமயத்தையும் அரசு ஏற்பதாகத் தோன்றாதவரை. நகர்மன்றத்துக்குள் வைக்க, அது அவ்வூரின் பழைய வழக்கம் என்பது போன்ற தனிக் காரணம் வேண்டும். வழிபாட்டுப் பொருள் என்று உண்மையைச் சொல்பவருக்கு அங்கே இன்றும் இடமில்லை.