அமுதசுரபியும் பூவரசும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில், நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறை புங்குடுதீவில் இருக்கிறது. அக்கரையில் அமுதசுரபி அன்னதான சபை, வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. இக்கரையாரின் பழைய மாணவர் சங்கமொன்று கனடாவில் 'பூவரசம் பொழுது' என்ற கலைமாலையை நடத்திவருகிறது. இரண்டும் ஊரார் கூடி அமைத்தவை. இரண்டும் நல்ல பெயரை நம்பித்தான் நிற்கின்றன.

பெயரிலிருந்தே பார்க்கலாம். மணிமேகலையின் மணிபல்லவம் தங்கள் தீவுதான் என்பது நயினாதீவாரின் நம்பிக்கை. (ஆய்வாளர் எல்லோரும் ஒப்புவதில்லை; அந்த வழக்கு இங்கு வேண்டாம்.) அங்கே மணிமேகலைக்குக் கிடைத்த, அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளத் துணிச்சல் வேண்டும். தீவின் கோயிலில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பந்தியில் வந்து அமர்கிறவருக்கு ஒருநாள் சோறில்லை என்றால், அந்தப் பெயரே சபையைப் பார்த்துச் சிரிக்கும். பூவரசு அப்படி வாக்கெதுவும் கொடுக்கவில்லை. வேலிக் கதியாலையும், இலையைச் சுருட்டி ஊதிய பீப்பீயையும் நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். ஊரைவிட்டு முப்பது வருஷமானவரை மண்டபத்துக்கு இழுக்க அது போதும்.

சபைக்கு விளம்பரக்காரர் தேவையில்லை. சாப்பிட்டவர் திரும்பும் படகிலேயே சொல்லிவிடுவார். தலைவர் யார், செயலாளர் யார் என்று அவருக்குத் தெரியாது. குழம்பில் உப்புக் கூடினாலும் செய்தி அதே படகில்தான் போகும்.

கடல்கடந்த சங்கத்துக்கு அந்த வசதி இல்லை. 1990, 91 இல் தீவுகள் இராணுவத்தின் கைக்குப் போனபோது ஊர்கள் கலைந்தன. இன்று காசு கொடுக்கிறவர் ஒரு கண்டத்தில், அந்தக் காசில் ஊருக்கு வேலை நடப்பது இன்னொன்றில். அதனால் விழா மலர் வேண்டியிருக்கிறது, கணக்கறிக்கை வேண்டியிருக்கிறது, படமும் வேண்டியிருக்கிறது. இதைப் புகழாசை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. ஐம்பது டொலர் கொடுத்தவரும் அது எங்கே போனதென்று கேட்கலாம்.

ஆனால் அந்தப் படத்தில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. எந்த ஊர்ச் சங்கமென்றில்லை, பொதுவாகவே சொல்கிறேன். பதாகைக்கு முன்னால் புத்தகப்பை வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை. பை கிழிந்துபோன பிறகும் படம் கிடக்கும்; பிள்ளை வளர்ந்து கலியாணம் பேசுகிற வயதிலும் கிடக்கும். கணக்குக் காட்டக் கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறதே, முகம் எதற்கு? அன்னதானப் பந்தியில் ஏழையா பணக்காரனா என்று யாரும் கேட்பதில்லை. கொழும்பு முதலாளிக்குப் பக்கத்தில் கூலிக்காரர் இருப்பார். எழும்பிக் கை கழுவியதும் இருவரும் கூட்டத்தோடு கூட்டம்.

இதற்காகச் சபையை ஒரு தட்டிலும் சங்கத்தை மறுதட்டிலும் வைத்து நிறுக்கவும் முடியாது. அன்னதானத்துக்குப் புலம்பெயர்ந்தவர் காசும் வருகிறது: பிள்ளையின் பிறந்தநாள், தகப்பனின் திவசம் என்று.

பெயர் நிலைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறலாம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதிக்கு, அதற்காக உழைத்த வாணர் சகோதரர்களின் பெயர்தான். கடக்கும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வலையோடு இறங்குகிற யாராவது மட்டும் நடத்துநரிடம், "வாணர் பாலத்தடியில நிப்பாட்டுங்கோ" என்கிறார்.